முதுசொம் மென்பொருளும் புதுமனை புகுதலும்

முதுசொம் என்பது முன்னோர் தேடிவைத்துச் சென்ற உடைமை. வீடும் நிலமும் மட்டுமே முதுசொமாம் என்பதில்லை. மேனாட்டு வங்கிகளும், காப்பீட்டுக் கழகங்களும், அரசாங்க அலுவலகங்களும் நாற்பது ஐம்பது ஆண்டுகட்கு முன் எழுதுவித்த கணிப்பொறி நிரல்கள் பல இன்றும் இரவு பகலாய் இயங்கி வருகின்றன. அவற்றை 'லெகசி' என்னும் அடைகொடுத்து ஆங்கிலத்தார் வழங்குவர். அதற்கு நேரான தமிழ்ச்சொல் முதுசொம் என்பதே. முன்னோர் விட்டுச்சென்ற பெருவீட்டில் குடியிருப்பார் படும் பாட்டை நாம் அறிவோம். சுவர் காரைபெயர்ந்திருக்கும், எத்தூண் எவ்விட்டத்தைத் தாங்குகின்றதென்று கட்டினாரே அறிவர், அவரோ இன்றில்லை. இடிக்கவும் இயலாது, அவ்வாறே விடவும் இயலாது. அத்தகைய வீட்டிலிருந்து, குடியிருப்போர் ஒருவேளைச் சோறும் தவறாமல், புதுமனைக்குக் குடிபெயரும் வகை யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வானுக்கு இதில் யாது வேலை என நண்பர் வினவுவர். என் சிற்றப்பா சென்னையிலிருந்துகொண்டே கடல்கடந்த வங்கியொன்றின் பழைய நிரல்களைப் பேணும் பணியினர். அவர் தம் தொழிலைக் கூறக் கேட்டபொழுது, அஃது ஏட்டுச்சுவடி பதிப்பார் தொழிலைப் பெரிதும் ஒத்திருத்தல் கண்டு வியந்தேன். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

இந்நிரல்களுள் மிகுதியானவை கோபால் என்னும் மொழியில் எழுதப்பட்டவை. வணிகக் கணக்குகளுக்கு ஏற்ற பொதுமொழியொன்று வேண்டுமென்று அமெரிக்க நாட்டில் 1959-ஆம் ஆண்டு கூடிய குழுவினர் அதனை வகுத்தனர். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் அதற்கு முன்னர் இயற்றியிருந்த 'புளோ-மேட்டிக்' என்னும் மொழி அதற்குப் பெரிதும் வழிகாட்டியது. ஆங்கிலச் சொற்றொடர்போலவே அதன் கட்டளைகள் அமைந்தன. கணக்கர் தாமும் படித்தறியலாம் என்பது அக்கால நம்பிக்கை. 1964-ஆம் ஆண்டில் ஐ. பி. எம். கம்பெனியார் 'சிஸ்டம் 360' என்னும் பெருங்கணிப்பொறி வரிசையை வெளியிட்டனர். அதன் வழித்தோன்றல்களாகிய பொறிகள் முன்னோர்க்கென எழுதப்பட்ட நிரல்களையும் இயக்கவல்லனவாகவே செய்யப்பட்டு வந்தன. ஆதலின், பொறி மாறினும் நிரல் மாறவேண்டிய கட்டாயம் நேரவில்லை. அந்நன்மையே பின்னாளில் இடராயிற்று. ஒருவர் எழுதியதன்மேல் ஒருவர் திருத்த, அதன்மேல் வேறொருவர் ஒட்டுப்போட, மூலம் எது, இடைச்செருகல் எது என்று பிரித்தறிய முடியாத நிலை வந்தெய்தியது.

ஏட்டுச்சுவடியொடு இதனை ஒப்பிட்டேன். ஒப்புமை மேலோடு நின்றுவிடவில்லை. சுவடியில் மெய்க்குப் புள்ளியிராது. எகர ஏகார வேறுபாடு இராது. படிப்பவரே பொருளுணர்ந்து பிரிக்கவேண்டும். கோபாலில் 'ரீடிஃபைன்ஸ்' என்றொரு வாய்பாடு உண்டு. ஒரே நினைவிடத்திற்கு இருவேறு பெயரும் இருவேறு உருவும் கொடுப்பது அது. நினைவிடம் பொன்னினும் அரிதாயிருந்த காலத்தில் சிக்கனங் கருதி அதனைக் கையாண்டனர். வாடிக்கையாளர் தனிமனிதராயின் அவ்விடத்தில் உள்ளது பிறந்தநாள்; கம்பெனியாயின் அதே இடத்தில் உள்ளது பதிவெண். இது சிலேடையன்றோ? சிலேடைச் செய்யுளுக்கு உரைகாரர் இருபொருளும் விரித்துரைப்பர். இந்நிரல்களுக்கோ உரையே இல்லை. இருந்தாலும் அது முப்பதாண்டுக்கு முன்னிருந்த பாடத்திற்கு எழுந்ததாயிருக்கும்.

நெடுங்கணக்கும் வேறுபடும். ஐ. பி. எம். பெரும்பொறிகள் எழுத்துகளைக் குறிக்கும் முறைக்கு எப்சிடிக் என்று பெயர். ஏனைய பொறிகள் பெரும்பாலும் ஆஸ்கி முறையையோ அதன்வழி வந்த முறைகளையோ தழுவின. ஆஸ்கியில் எண்கள் முன்னும் எழுத்துகள் பின்னும் வரும். எப்சிடிக்கில் எழுத்துகள் முன்னும் எண்கள் பின்னும் வரும். அகரவரிசையில் அடுக்கிய பட்டியலை நம்பி எழுதப்பட்ட நிரலொன்றைப் புதுப்பொறிக்குக் கொணர்ந்தால் வரிசை தலைகீழாகும். பிழையென்று எப்பொறியும் அறிவிக்காது. இன்னும், கோபால் நிரல்கள் பணத்தொகையைப் பெரும்பாலும் பதின்ம முறையிலேயே, ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடக்கிவைக்கும். புதுமொழிகளை எழுதுவோர் அசட்டையாயிருப்பின், தொகைகள் இருமமுறைப் பின்னங்களாய் மாறிவிடும். பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னத்தை இருமமுறையிற் சரியாக எழுதவே இயலாது. வேறுபாடு மிகச் சிறிதே; ஆயினும் இலட்சக்கணக்கான கணக்குகளில் நாடோறும் வட்டி கணிக்கும்போது சிறிதும் பெரிதாகும்.

இனிப் புதுமனையின் இயல்பு காண்பாம். பழைய நிரலில் தரவுகள் ஒருபுறமும் செயல்கள் ஒருபுறமும் கிடக்கும். எச்செயலும் எத்தரவையும் தொடலாம். அதற்கு மாறாக, ஒரு தரவையும் அதன்மேற் செய்தற்குரிய செயல்களையும் ஒருங்கே பொதிந்து, பிறர் உள்ளே கைவையாதபடி கதவடைத்து, கேட்டதற்கு மட்டும் விடைதரும்படி அமைத்த கூறுக்கு ஆப்ஜெக்ட் என்று பெயர். அதனைப் 'பொருள்' எனப் பெயர்ப்பின் மென்பொருளோடும் பொருளதிகாரத்தோடும் மயங்குமாதலின், அப்பெயரையே எடுத்தாளுகின்றேன். கணக்கு ஓர் ஆப்ஜெக்ட். வாடிக்கையாளர் ஓர் ஆப்ஜெக்ட். கடன் ஓர் ஆப்ஜெக்ட். இவையனைத்தும் ஒரே பொறியில் இருத்தல் வேண்டுமென்பதின்றிப் பல ஊர்ப் பொறிகளிற் பரந்திருந்து ஒன்றையொன்று வினவி இயங்குமாயின், அதுவே பரவிய ஆப்ஜெக்ட் அமைப்பு.

இவ்வமைப்பிற்கு ஒரு பொதுநெறி வகுக்கவென்று 1989-ஆம் ஆண்டில் பல கம்பெனியார் கூடி 'ஆப்ஜெக்ட் மேனேஜ்மெண்ட் குரூப்' என்னும் சங்கத்தை நிறுவினர். அவர்கள் 1991-இல் வெளியிட்ட நெறிக்குக் கோர்பா என்று பெயர். அதன் உயிர்நிலை, ஐ. டி. எல். என்னும் இடைமுக மொழி. கோபாலில் எழுதியதாயினும், சி மொழியில் எழுதியதாயினும், ஒவ்வொரு கூறும் தான் யாது கேட்டால் யாது தரும் என்பதை அப்பொதுமொழியில் எழுதிவைத்துவிடின், இடையே நிற்கும் தரகன் ஒருவன் செய்தியை அங்குமிங்கும் கொண்டுசெல்வான். பாபேல் கோபுரத்திற் சிதறிய நாவுகளை மீண்டும் ஒன்றாக்கும் முயற்சி என்னலாம். மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் டீகாம் என்பதனையும், சன் கம்பெனியார் ஜாவாவின்வழி வேறொரு முறையையும் கொணர்ந்தனர். ஆதலின் நாவை ஒன்றாக்க எழுந்த முயற்சியே மும்மொழியாய்ப் பிரிந்தது. இது நகைப்பிற்குரியதேனும், பெருந்தீங்கு இதனால் விளைந்ததன்று.

பெருந்தீங்கு விளைத்தது ஓர் எண்ணமே. அருகிலுள்ள ஆப்ஜெக்டைக் கேட்பதும் தொலைவிலுள்ளதைக் கேட்பதும் நிரல் எழுதுவோனுக்கு ஒன்றுபோலவே தோன்றவேண்டும். தொலைவை மறைத்துவிடுதலே நாகரிகம் எனப் பலர் கருதினர். இவ்வெண்ணம் தவறு என்பதனை 1994-ஆம் ஆண்டில் ஜிம் வால்டோவும் அவரோடு சன் கம்பெனி ஆய்வகத்திற் பணிசெய்த மூவரும் ஒரு சிறு கட்டுரையில் எடுத்துக்காட்டினர். தொலைவை மறைக்கலாம், ஒழிக்கவியலாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பொறி தன் நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய நூறு நானோநொடி செல்லும். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் இலண்டனுக்கும் நேர்தொலைவு ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். போய்வர 82 மில்லிநொடி. இழை வளைந்து செல்லுமாதலின் மெய்யான நேரம் இதனினும் மிகும். முன்னதைக் காட்டிலும் பின்னது எட்டு இலட்சம் மடங்கு. நினைவகத்தை நாடுதல் ஒரு நொடிச் செயலென்று வைத்துக்கொண்டால், இலண்டனைக் கேட்டு விடைபெற ஒன்பதரை நாள் செல்லும். வீட்டு அடுக்களையில் உள்ள சம்படத்தில் கைவிட்டு மிளகு, பிறகு சீரகம், பிறகு புளி என ஒவ்வொன்றாய் எடுத்தவர், கடைக்குச் சென்றும் அவ்வாறே செய்வரேல், மிளகு வாங்கி வீடு திரும்பிச் சீரகத்திற்கு மறுபடியும் செல்வரேல், அன்று குழம்பு இல்லை. பட்டியலெழுதி ஒருமுறை செல்வரே அறிவுடையார். பழைய நிரலோ ஒரே வீட்டில் வாழ்ந்து பழகியது. ஒரு கடன் விண்ணப்பத்தை ஆராய்தற்குள் ஆயிரம் முறை அங்குமிங்கும் கைநீட்டும். அக்கைநீட்டல் ஒவ்வொன்றையும் தொலைதூர வினாவாக மாற்றினால், கணப்பொழுதில் முடிந்தது ஒன்றரை நிமிடமாகும். ஆகவே, கோபாலை ஜாவாவாக வரிக்கு வரி பெயர்ப்பதாற் பயனில்லை. எங்கே பிரிப்பது, எதை எதனோடு ஒருசேர வைப்பது என்னும் பதம்பிரித்தலே அருமை. மார்ட்டின் ஃபவுலர் என்னும் அறிஞர் 2002-இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கொரு முதல்விதி வகுத்தார்: ஆப்ஜெக்டுகளைப் பரப்பாதே என்பதே அது.

கால தாமதம் பொறுக்கத்தக்கது. பாதித் தோல்வி பொறுக்கத்தக்கதன்று. ஒருவர் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து ஐயாயிரம் எடுத்துக் கடன்கணக்கிற் கட்டுகின்றார் என்க. இரு கணக்கும் ஒரே பொறியில் இருப்பின், இடையே மின்சாரம் நின்றாலும் இரண்டும் நிகழும், அன்றேல் இரண்டும் நிகழா; அதற்கு வழி பழைய பொறியிலேயே உண்டு. இருகணக்கும் இருபொறியிலாயின்? முதற்பொறி பணத்தைக் கழித்துவிட்டு, 'ஐயாயிரம் கூட்டுக' என இரண்டாவதற்குச் செய்தி விடுக்கின்றது. விடையில்லை. செய்தி சென்று சேரவில்லையா? சேர்ந்து, கூட்டியபின் விடை வழியில் தொலைந்ததா? அன்றி அப்பொறி இப்போதுதான் மெல்லக் கூட்டிக்கொண்டிருக்கின்றதா? இம்மூன்றும் அனுப்பியவனுக்கு ஒரே மௌனமாகவே தோன்றும். மறுபடி அனுப்பின் இருமுறை கூடலாம். அனுப்பாதொழியின் ஒருமுறையும் கூடாமற் போகலாம்.

இதற்கு இருபடி உறுதி என்றொரு முறை வகுத்துள்ளனர். அதனை விளக்கத் திருமண ஆராதனையினும் தக்கதில்லை. குருவானவர் முதலில் மணமகனை வினவுகின்றார், சம்மதம் என்கின்றான். பின் மணமகளை வினவுகின்றார், சம்மதம் என்கின்றாள். இருவரும் இசைந்த பின்னரே இவர்கள் கணவன் மனைவி என்று அறிவிக்கின்றார். ஒருவர் மறுப்பினும் திருமணம் இல்லை. அவ்வாறே நடுநிற்கும் பொறி ஒவ்வொன்றையும் 'ஆயத்தமா?' என வினவி, எல்லாம் இசைந்தபின் 'முடிக்க' என ஆணையிடும். நன்றே. ஆயின், இருவரும் சம்மதம் கூறியபின், அறிவிக்கும்முன் குருவானவர் மயங்கி வீழ்ந்துவிடின்? மணமக்கள் மணமானவரும் அல்லர், வீடு திரும்பவும் இயலார். பீடத்தின்முன் நின்றபடியே நிற்பர். பொறிகளும் அவ்வாறே கணக்கைப் பூட்டிவைத்துக்கொண்டு நிற்கும். அக்கணக்கை வேறெவரும் தொடவியலாது. ஆதலின் இக்காலத்தார் பலர் இம்முறையைத் தவிர்த்து, ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு தனியெண் கொடுத்து, அதே எண் மறுபடி வரின் இருமுறை செய்யாதொழியுமாறு எழுதுவர்; இடையில் தவறினால் முன்செய்ததை ஈடுசெய்ய எதிர்ச்செயல் ஒன்று அமைப்பர். பழைய நிரலிலோ இவற்றுள் ஒன்றும் இராது, வேண்டியிருக்கவுமில்லை. இடம்பெயர்க்கும்போது புதிதாய்ச் சிந்தித்து எழுதவேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பழையதன்மேல் ஒரு போர்வை போர்த்திவிடலாமே என்பாரும் உளர். பலர் அவ்வாறே செய்தனர். பழைய முனையத் திரை பெரும்பாலும் 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் உடையது; அவ்வெண்பது, துளையட்டைக் காலத்திலிருந்து வந்த அளவு. புது நிரல் ஒன்று எழுத்தர்போல் நடித்து, அத்திரையில் எழுதி, ஏழாம் வரி முப்பதாம் இடத்தில் தோன்றும் எண்ணை நிலுவைத்தொகையாகக் கொள்ளும். எவரேனும் அத்திரையில் ஒரு தலைப்பை ஓரெழுத்து நீட்டினால், நிலுவையில் ஓரிலக்கம் உதிரும். போர்வைக்குள் இருப்பவர் நோய் அப்படியே இருக்கும். பழைய துருத்தி, புதிய ரசம் என்னும் உவமையை நினைத்துக்கொள்க.

கோர்பாவும் நெடுங்காலம் தலைமைபெற்று நிற்கவில்லை. அதனை உருவாக்கினாருள் ஒருவராகிய மிச்சி ஹென்னிங் 2006-இல் அதன் வீழ்ச்சியைக் குறித்துத் தாமே எழுதினார். மிகுசிக்கல், பாதுகாப்புக் குறைவு, பழம்பதிப்பும் புதுப்பதிப்பும் அருகருகே இயங்க வழியின்மை முதலியவற்றைக் காரணமாகக் காட்டினார். பின்னர் வலைச்சேவைகள் வந்தன. அவற்றின்பின் நுண்சேவைகள் வந்தன. பெயர் மாறிற்று. ஒளியின் வேகமும் விடைவாராத மௌனமும் மாறவில்லை.

இதிலே மக்கள் படும் துயர் யாது என்பதற்கு இங்கிலாந்து நாட்டு டி. எஸ். பி. வங்கியின் வரலாறே போதும். அது 2013-இல் லாயிட்ஸ் வங்கியினின்று பிரிந்தபோதிலும் கணிப்பொறிக்கு லாயிட்சின் அமைப்பையே கூலிகொடுத்து நம்பியிருந்தது. 2015-இல் ஸ்பெயின் நாட்டுச் சபாடெல் வங்கியார் அதனை வாங்கி, தமது 'புரோட்டியோ' அமைப்பின் வழிவந்த புதிய அமைப்பிற்குக் குடிபெயர்க்கத் துணிந்தனர். சிறிது சிறிதாகப் பெயர்ப்பதை விடுத்துப் பெரும்பகுதியை ஒரே வாரக்கடைசியிற் பெயர்த்தனர்: 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரை. தரவுகள் வந்து சேர்ந்தன, அமைப்புத்தான் நிற்கவில்லை. ஏறக்குறைய ஐம்பத்திரண்டு இலட்சம் வாடிக்கையாளருள் பத்தொன்பது இலட்சம் பேர்வரை தம் கணக்கைத் திறக்கவியலாது தவித்தனர். ஒருவர் கணக்கிற்குள் நுழைந்தால் மற்றொருவர் கணக்கு தோன்றியதும் உண்டு. கூலி வாங்கச் சென்றவரும் வீட்டுவாடகை கட்டச் சென்றவரும் வாயிலில் நின்றனர். குழப்பத்தைப் பயன்படுத்தி வஞ்சகர் பலர் பணம் கவர்ந்தனர். இயல்புநிலை திரும்ப டிசம்பர் ஆயிற்று. வங்கிக்கு 33 கோடி பவுன் செலவு. 2022 டிசம்பரில் மேற்பார்வை அதிகாரிகள் விதித்த அபராதம் 4 கோடியே 86½ இலட்சம் பவுன்.

பின்னர் ஆராய்ந்தபோது வெளிப்பட்ட காரணங்களுள் ஒன்றை மட்டும் ஈண்டுக் கூறுவேன். புதிய அமைப்பு இரு தரவுநிலையங்களில் ஒருங்கே இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. சோதனைகளோ ஒரு நிலையத்தில் மட்டுமே நடந்தன; இரண்டும் ஒத்தவையே என்று எண்ணிவிட்டனர். அவை ஒத்திருக்கவில்லை. ஏடுபார்த்துப் படியெழுதுவோர் இதனைக் கேட்டால் தலையிலடித்துக்கொள்வர்.

பழையதே எப்பொழுதும் குற்றவாளி என்று கொள்ளுதலும் பிழை. 2020 ஏப்ரலில் கொள்ளைநோயால் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு ஒருங்கே விண்ணப்பித்தபோது, அமெரிக்க நாட்டு நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபால் அறிந்தோர் தொண்டுசெய்ய வருமாறு வேண்டினார். உலகெங்கும் கோபால் ஏளனத்திற்குள்ளாயிற்று. ஆனால், தடுமாறியது முன்னே நின்ற புதிய ஜாவா வலைப்பகுதியே, பின்னே இருந்த கோபால் அன்று என்பதனை வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் எடுத்துக்காட்டினார்.

எனின், குடிபெயர நல்வழி இல்லையோ? உண்டு, அது மெதுவான வழி. 1995-இல் பிராடி, ஸ்டோன்பிரேக்கர் என்னும் இருவர் எழுதிய நூலொன்று, ஒரே இரவில் மாற்றுதலை விலக்கிச் சிறுசிறு படியாய் மாற்றுதலைப் பரிந்துரைத்தது. மேற்சொன்ன ஃபவுலர், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் காடுகளில் ஒரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரிறக்கி, அம்மரத்தையே சூழ்ந்துகொள்ளும் அத்திவகையைக் கண்டு, அதன் பெயரையே இம்முறைக்கு 2004-இல் இட்டார். நமக்கு அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. பனைமரத்தின் மட்டையிடுக்கில் ஆலம்விதை வீழ்ந்து முளைத்துப் பனையைத் தழுவி நிற்றலை நம் வயலோரங்களிற் காணலாம். அவ்வாறே, வரும் வேண்டுகோள்களெல்லாம் முதலில் ஒரு வாயிலிற் புகும். வாயில்காப்போன் முகவரிமாற்றத்தை மட்டும் புதியதற்கு அனுப்பி, ஏனையவற்றைப் பழையதற்கே அனுப்புவான். அடுத்த ஆண்டு காசோலை, அதன்பின் கடன். இம்முறையிலும் இடருண்டு. இரு வீட்டிலும் சமையல் நடக்குங் காலம் நெடிது. பழையதில் எழுதியது புதியதிலும், புதியதில் எழுதியது பழையதிலும் தோன்றவேண்டும். இதுவே இம்முறையில் மிகக் கடினமான பகுதி என்று சிற்றப்பா கூறுவர். பாதி வழியிற் பொருள் தீர்ந்து, பனையும் ஆலுமாய் நின்றுவிடும் நிறுவனங்களும் பலவாம்.

அவர் கூட்டத்தார் வட்டிக்கணக்கை மாற்றியபொழுது ஆறு திங்கள் பழையதையும் புதியதையும் ஒவ்வோரிரவும் ஒருங்கே ஓட்டி, விடைகளை ஒப்புநோக்கினர். ஒருவகைக் கணக்கில் மட்டும் திங்கள்தோறும் ஒரு பென்னி வேறுபட்டது. ஒரு பென்னிக்காக நால்வர் மூன்று வாரம் தேடினர். பழைய நிரலின் ஒரு மூலையில், பின்னத்தை முழுமையாக்காமல் வெட்டியெறியும் வரியொன்று இருந்தது. எழுதியவர் பெயரும் ஆண்டும் அழிந்திருந்தன. பிழை பழையதிலேதான். திருத்திவிடலாம் என்றனர் இளையோர். வங்கியாரைக் கேட்டபோது, பல்லாண்டாக அக்கணக்கிற்கு அனுப்பிய அறிக்கைகளெல்லாம் அவ்வெட்டுதலின்படியே சென்றன என்றும், உடன்படிக்கையிலேயே அம்முறை எழுதப்பட்டுள்ளது என்றும் விடை வந்தது. ஆதலின் புதிய நிரலும் அப்பென்னியை அவ்விடத்தில் அவ்வாறே வெட்டும்படி எழுதப்பட்டது; ஏன் என்பதைக் கூறும் மூன்றுவரிக் குறிப்பொன்றும் அதன் மேலே எழுதிவைத்தனர்.